வேலை முடிந்தால்தான் உலா
செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே தொல்லையைப் பற்றியது. நடக்கக் கூட்டிப்போனால் நாய் சட்டென்று ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில்லை, இழுத்தடிக்கிறது. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: காலை ஆறரைக்குள் கிளம்பாவிட்டால் ஜாலான் ஈப்போ ஜாமில் மாட்டிக்கொள்வேன். எங்கள் நாய் மூன்று வயதுக் கம்பத்து நாய் (நாட்டு நாய்), பெண், 14 கிலோ. அரை மணி நேரம் குடியிருப்புத் தாமானைச் சுற்றினாலும் முகர்ந்துகொண்டே வரும், ஒன்றும் செய்யாது. வீட்டுக்கு வந்து சங்கிலியை அவிழ்த்ததும் போர்ச்சில் போய்விடுகிறது. திட்டியும் அடித்தும் பார்த்தாயிற்று. என்ன செய்வது?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: முதல் காரியமாக அடிப்பதை நிறுத்துங்கள் அம்மா. அடி வாங்கிய நாய் ‘போர்ச்சில் போகக் கூடாது’ என்று புரிந்துகொள்வதில்லை. ‘இவர் பார்க்கும்போது போகக் கூடாது’ என்றுதான் புரிந்துகொள்கிறது. சங்கிலியின் மறுமுனையில் நீங்கள் நிற்கும் வரை அடக்கிக்கொள்வதும், அவிழ்த்துவிட்டதும் போவதும் அதனால்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. நாய் இரண்டுக்குப் போனதும் ‘சரி, முடிந்தது’ என்று அதே நிமிடம் வீட்டை நோக்கித் திரும்பிவிடுகிறோம். நாளெல்லாம் கேட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாய்க்கு அந்த உலாதான் பெரிய இன்பம். போனால் உலா முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்ட நாய், முடிந்த மட்டும் தள்ளிப்போடும். அது பிடிவாதமே இல்லை; நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறது. இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். வேலை முடிந்தால்தான் உலா தொடங்க வேண்டும்.

வீட்டிலிருந்து ஒரு நிமிட நடைக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்குப் புல் இருந்தால் போதும். மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகாத, தெருநாய்கள் படுத்திருக்காத, பக்கத்து வீட்டு கேட்டை ஒட்டாத இடமாக இருக்கட்டும். தினமும் அதே இடம்தான். முந்தைய நாளின் வாடை அங்கே இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடும். சங்கிலியோ வாரோ 1.5 மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வகை இதற்கு உதவாது. நாய் அலைந்துகொண்டே இருக்கும்.

கேட்டைத் திறந்ததும் வழியில் எங்கும் நிற்காமல் நேராக அங்கே போங்கள். போனதும் நின்ற இடத்தில் நில்லுங்கள். வாரின் நீளத்துக்குள் அது எப்படி வேண்டுமானாலும் சுற்றட்டும், முகரட்டும். நீங்கள் பேச வேண்டாம், இழுக்க வேண்டாம், முகத்தையே உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அடி வாங்கிப் பழகிய நாய் என்பதால் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நிற்பது நல்லது. முதல் சில நாள் மட்டும் 5 மீட்டர் நீளமுள்ள வேறொரு சாதாரண வாரைப் பயன்படுத்தி, பயம் தெளிந்ததும் 1.5 மீட்டர் வாருக்கு மாறிக்கொள்ளலாம். கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிடுங்கள். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் சரியான நொடி கைநழுவிப் போகும்.

ஐந்து நிமிடம் காத்திருங்கள். போனால் உடனே பரிசு, அதன்பின் குறைந்தது பத்து நிமிடமாவது தாராளமான உலா. போகவில்லையா? ஒரு சொல்லும் திட்டாமல் வீட்டுக்குத் திரும்புங்கள். ஆனால் வாரை அவிழ்க்காதீர்கள்! இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். பத்துப் பதினைந்து நிமிடம் அதை உங்கள் காலடியிலோ கூண்டிலோ வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே இடம், அதே ஐந்து நிமிடம். தேவைப்பட்டால் மூன்றாம் தடவையும். வேலைநாள் காலையில் இதற்கு நேரம் போதாது என்பது தெரியும். அதனால் ஒரு நீண்ட விடுமுறையில் தொடங்குங்கள். முதல் வாரம் மட்டும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டிவரும். வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பழக்கம் பிடிபடும். வீட்டில் நான்கு பேர் மாறி மாறிக் கூட்டிப்போனால் நால்வரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் பழையபடி தாமானைச் சுற்றிவந்தால் பழக்கம் படியாது.

ஒன்றுக்குப் போவதற்கு நின்றால் போதும். இரண்டுக்குப் போக உடல் அசைய வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது மிச்சமிருந்தால், அந்த இடத்தை ஒட்டியே பத்து மீட்டர் தூரத்துக்குள் வேகமாக முன்னும் பின்னும் நடத்துங்கள். புதிய தெருவுக்குள் போகாதீர்கள். புதிய வாடை கிடைத்ததும் வந்த காரியத்தை மறந்துவிடும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எழுந்ததும் காலை உணவில் ஒரு கைப்பிடியைக் கொடுத்து, சில நிமிடம் கழித்து வெளியே போங்கள். நாள் முழுக்கத் தட்டில் உணவு கிடந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. இரண்டு வேளை, குறித்த நேரம், இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடும் நாய் நேரத்துக்கு வெளியே போகும்.

இனி அந்த நொடியைப் பற்றி. இரண்டுக்குப் போகப்போகும் நாய் முதலில் மூக்கைத் தரையோடு ஒட்டிவிடும். நேர்கோட்டில் முகர்ந்துகொண்டிருந்தது, ஒரே அடி இடத்துக்குள் திரும்பத் திரும்ப முகரும். நடை குறுகி, பின்னங்கால்கள் முன்னங்கால்களை நெருங்கும். வால் அடியில் விறைத்து மேலே எழும், ஒன்றிரண்டு சுற்று, பிறகு முதுகு வில்லாக வளையும். வளைகிற அந்த நொடியில் நீங்கள் தேர்ந்த சொல்லை ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் வேறு எதற்கும் பயன்படுத்தாத சொல்லாக இருக்க வேண்டும். ‘போ’ வேண்டாம், நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறோம். ‘சீக்கிரம்’ என்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் சொல். ‘சூ சூ’ என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர்களுக்கும் கூச்சமில்லை. ஒன்றிரண்டு வாரம் அது போகும்போது மட்டும் சொல்லி, பிறகு அந்த இடத்தை அடைந்ததும் சொல்லத் தொடங்குங்கள். போகாத நாயிடம் இருபது தடவை சொன்னால், அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

உட்கார்ந்திருக்கும்போது ‘ஐயோ, என் கண்ணு!’ என்று கொஞ்சாதீர்கள். பாதியில் எழுந்து உங்களிடம் ஓடிவரும். மீதி போர்ச்சில் விழும். முடித்து எழுந்த ஓரிரு நொடிக்குள் பரிசு வாயில் இருக்க வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவில் மூன்று நான்கு துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றுதான் அதன் கணக்கில் சேரும்.

கடைசியாகப் போர்ச். சிமெண்டு நுண்துளைகள் உள்ள தரை, நீர் ஊற்றிக் கழுவினால் நமக்கு வாடை போகும், நாய்க்குப் போகாது. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவத்தை ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அம்மோனியா கலந்த தரைத் திரவம் சிறுநீர் வாடையைப் போலவே இருப்பதால் நாயை மறுபடி அங்கேயே அழைக்கும். சிறுநீர்மேல் நேரடியாகப் பிளீச்சை ஊற்றவே ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும்.

கேள்வி: 14-ஆவது மாடிக் கொண்டோமினியத்தில் இருக்கிறோம். மூன்று மாத ஷிட்சூ குட்டி. கீழே கொண்டுபோவதற்குள் மின்தூக்கியிலேயே போய்விடுகிறது. கீழே புல்லில் விட்டாலோ திகைத்து நிற்கிறது. காவலாளி இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.
(வாசகர், பங்சார், கோலாலம்பூர்)

பதில்: நீங்கள் இன்னும் கீழே கொண்டுபோகவே வேண்டாம். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய குடல் நோயைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். 16 வாரத்தில் போடும் தடுப்பூசி முடிந்து, கால்நடை மருத்துவர் சரி என்று சொல்லும் வரை, முன்பின் தெரியாத நாய்கள் வந்துபோகும் புல்லில் குட்டியை இறக்குவது ஆபத்து.

அதுவரை பால்கனியில் ஒரு புல் தட்டு வையுங்கள். நர்சரியில் விற்கும் கவ் கிராஸ் புல் பத்தையை, வடிகால் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டில், அடியில் இன்னொரு தட்டோடு வைத்தால் போதும். குட்டி நின்று ஒரு சுற்றுச் சுற்ற இடம் வேண்டும்; ஷிட்சூவுக்கு 60-க்கு 60 சென்டிமீட்டர் சரியாக வரும். மலத்தை உடனே எடுத்து, தினமும் நீர் விட்டு அலசி, வாடை ஏறியதும் பத்தையை மாற்றிவிடுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளியைக் கண்டிப்பாக வலை போட்டு அடைக்க வேண்டும். நீர் கீழ்வீட்டில் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தரையில் போவது என்பதைக் குட்டிகள் மிக இளம் வயதிலேயே பாதத்தால் பழகிக்கொள்கின்றன. டைல்ஸிலும் செய்தித்தாளிலும் வளர்ந்த குட்டிக்குப் புல் என்பது போகும் இடமாகவே தெரியாது. அதுதான் அந்தத் திகைப்பு. பால்கனியில் புல்லைப் பழக்கிவிட்டால், பிறகு கீழே இறங்கும்போது அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கும். முதல் நாள் கீழே போகும்போது சிறுநீர் பட்ட புல்லில் ஒரு துண்டைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள்.

எத்தனை மணிக்கு ஒருமுறை? மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் உச்ச வரம்பு என்பது பொதுக் கணக்கு. உங்கள் குட்டிக்கு நான்கு. அது தூங்கிக்கொண்டிருக்கும்போது பொருந்தும். விழித்து ஓடியாடும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை, தவிர தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள்ளும் தட்டுக்குக் கொண்டுபோங்கள். பின்னர் கீழே கொண்டுபோகத் தொடங்கும்போது, மின்தூக்கிக்கு ஒரே வழி தூக்கிக்கொண்டு போவதுதான். வீட்டுக் கதவிலிருந்து புல் வரை கால் தரையில் படக் கூடாது. கைக்குள் இருக்கும் குட்டி பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். கையில் எப்போதும் டிஷ்யூவும் ஒரு பையும் இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகள், மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருப்பதைத் தடுக்கின்றன. மின்தூக்கியில் கிடக்கும் ஒரு குட்டை நீர் அந்தப் புகாருக்குப் போதும்.

கேள்வி: இரண்டு வயது ஆண் நாய். ஒவ்வொரு கம்பத்திலும் காலைத் தூக்கிச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. முப்பது கம்பம் தாண்டினாலும் முடிவதில்லை.
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அது ஒன்றுக்குப் போவது இல்லை, எல்லை குறிப்பது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். நிறைந்த மூத்திரப்பை காலியாகும்போது நீர் தொடர்ச்சியாக வரும். 3 கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் பையைக் காலி செய்ய எடுக்கும் நேரம் சராசரியாக 21 வினாடி என்று 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு நாய்க்கும் அது கூடும் குறையும். ஒரு வாரம் காலையில் முதல் ஊற்றை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தால் உங்கள் நாயின் கணக்குத் தெரிந்துவிடும்.

செந்தூல் வாசகிக்குச் சொன்ன முறைதான் உங்களுக்கும். முதல் நிறுத்தத்தில் அந்த நீண்ட ஊற்று வரும் வரை நகராதீர்கள். வந்தபின் உலா. உலாவின்போது இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நீங்களே நிறுத்தி முகர விடுங்கள். மற்றக் கம்பங்களில் வாரைத் தளர்த்தாமல், நாயின் தலை உங்கள் முழங்காலைத் தாண்டாதபடி ஒரே வேகத்தில் கடந்து போங்கள். முகர்வதை முழுக்கத் தடுக்காதீர்கள், அதன் மூளைக்கு அதுதான் வேலை. கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களுக்கு இது குறையும். ஆனால் பழகிப்போன பழக்கம் ஓரளவு தொடரவே செய்யும்.

அடுத்தவர் கார் டயர், பூச்சாடி, கடைவரிசை அஞ்சடி நடைபாதைத் தூண், சூராவ் (முஸ்லிம் தொழுகை இடம்) வாசல், கோயில் வாசல், கோலம் போட்ட படி ஆகியவற்றின் பக்கம் காலைத் தூக்கவே விடாதீர்கள். தவறி நடந்தால் ஊற்ற அரை லிட்டர் நீர்ப் புட்டி ஒன்று கையில் இருக்கட்டும். முஸ்லிம் அண்டை வீட்டார் இருக்கும் தெருவில் இதை நாமாகவே பார்த்துக்கொள்வதுதான் மரியாதை.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் பூடில் வாசலைத் தாண்ட மறுக்கிறது. அக்டோபர், நவம்பரில் தினமும் மாலை மழை. என்ன வழி?
(வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். முக்கிய உலாவைக் காலைக்கு மாற்றுங்கள். மாலை வேளைக்கு, வானம் இருட்டத் தொடங்கியதுமே ஐந்து நிமிடம் அந்த இடத்துக்குப் போய்வந்துவிடலாம், உலா பிறகு.

குட்டைக்கால் நாய்களுக்கு நனைந்த புல் வயிற்றில் படுவதுதான் பிடிக்காது. அந்த இடத்தின் புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள். வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் புல்லை நீர் விட்டு நனைத்து, அதன்மேல் கோழித் துண்டுகளைத் தூவித் தேடித் தின்ன விடுங்கள். ஒரு வாரத்தில் ஈரப்புல்லின் மேல் வெறுப்புக் குறையும். பெரிய கோல்ஃப் குடை பிடித்துப் போகலாம்; ஆனால் அதை முதலில் வீட்டுக்குள் விரித்துக் காட்டிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் குடைக்குப் பயந்து நிற்கும். மழை பழைய வாடையைக் கழுவிவிடுவதால் முதல் நாள் கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரும் அபாயம் உண்டு; அது மனிதருக்கும் தொற்றும் நோய். கால்வாய் ஓரம் வேண்டாம். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பித்து, திரும்பியதும் விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் வெடிச் சத்தத்துக்குப் பயந்த நாய் இரவெல்லாம் அடக்கிக்கொள்ளும். அந்த நாள்களில் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி: போவதற்கு முன் நாய் ஏன் சுற்றுகிறது?
(மாணவி, கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: உறுதியான ஒரே விடை இல்லை. புல்லை மிதித்துத் தட்டையாக்கவும், சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளவும் என்பது வழக்கமான விளக்கம். 2013-இல் செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களைக் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு–தெற்காக நின்று போக விரும்புகின்றன என்று எழுதினார்கள். சுற்றும்போது வாரைச் சுண்டாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. சுண்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: பத்து வயது ஆண் நாய், இவ்வளவு நாள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாக முக்கி முக்கி நிற்கிறது. சோற்றில் பூசணி சேர்த்தால் சரியாகுமா?
(வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: பழக்கம் திடீரென மாறினால் அதைப் பயிற்சிக் குறையாகப் பார்க்காதீர்கள். கருத்தடை செய்யாத முதிய ஆண் நாய்க்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிக் குடலை அழுத்தும். அப்போது மலம் பட்டையாக, நாடா போல வரும். மூட்டு வாதம் இருந்தால் குந்த முடியாமல் பாதியில் எழுந்துவிடும். எலும்பு தின்றிருந்தால் மலம் சுண்ணாம்புக் கட்டியாக இறுகும். எதுவென்று மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போகும்போது மலத்தின் படம் ஒன்றும், முடிந்தால் சிறு டப்பாவில் மாதிரியும் எடுத்துப்போங்கள்.

எளிய மலச்சிக்கல்தான் என்று மருத்துவர் சொன்னால், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து மசித்த பூசணி, 10 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கொடுக்கலாம். சாம்பார், குழம்பு மிச்சம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். குடிக்கும் நீரையும் அளந்து பாருங்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி லிட்டர் வழக்கம். 100-ஐத் தாண்டினால் சிறுநீரகம், நீரிழிவு பற்றிய சோதனை தேவை.

ஒன்றை மட்டும் எல்லா வாசகர்களும் மனத்தில் வையுங்கள். நாய் திரும்பத் திரும்ப ஒன்றுக்குப் போக முயன்றும் சொட்டுக்கூட வரவில்லை என்றால், கல் அடைத்திருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் இரவே இருபத்து நான்கு மணி நேர மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: புல்லில் போனதை அப்படியே விட்டால் உரம்தானே? மழை கரைத்துவிடாதா?
(வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: உரமாகாது. நாய் மலத்தில் உள்ள கொக்கிப்புழு முட்டை நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நாளில் பொரிந்து, அதன் இளம்புழு வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் புகும். சிவந்த கோடாக ஊர்ந்து, தாங்க முடியாமல் அரிக்கும். வட்டப்புழு முட்டை மண்ணில் நீண்ட காலம் கிடக்கும். மழை அதைக் கரைப்பதில்லை, பரப்புகிறது.

பையைக் கையுறை போல் மாட்டி எடுத்து, உள்புறம் வெளிவரத் திருப்பி, காற்றை அழுத்தி முடிச்சிட்டுக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், கால்வாயில் வேண்டாம். வாரின் கைப்பிடியிலேயே எப்போதும் இரண்டு பையைக் கட்டி வையுங்கள், சில நாய்கள் உலா நடுவில் இன்னொரு தடவையும் போகும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், குட்டிக்கு 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுங்கள். எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.